இரண்டாவது குடிலில் வந்த கொப்புளம்

போன மாதம் கீர்த்தனா என் போனுக்கு இரண்டு படங்கள் அனுப்பினாள். பெருமாநல்லூர் தாண்டி நான் வேலை பார்த்த கள்ளிச் செடிப் பண்ணையில் இப்போது அவள்தான் சூப்பர்வைசர். நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. இரண்டு படத்திலும் ஒரே செடி, ஒரே புள்ளி. ஒன்றைக் காலையில் எடுத்திருக்கிறாள், இன்னொன்றை மத்தியானம். படத்தைக் காட்டினால் நோயின் பெயரைச் சொல்லும் ஆப் ஒன்று வந்திருக்கிறதாம். காலைப் படத்தைப் பார்த்துப் பூஞ்சை என்று சொல்லியிருக்கிறது. மத்தியானப் படத்தைப் பார்த்து வெயில் காயம் என்று சொல்லியிருக்கிறது.

“இதுல எதுங்க்கா நெசம்?” என்று கேட்டாள்.

வேலம்பாளையத்திலிருந்து பஸ் ஏறிப் போனேன். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். நகத்தால் சுரண்டினேன். முகர்ந்து பார்த்தேன். செடியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கடைசியில், “எனக்கும் தெரியல கண்ணு” என்றேன்.

அவள் முகம் விழுந்துவிட்டது. “இருபது வருசத்துக்கு மேல இதே வேலை பாத்திருக்கீங்க. உங்களுக்கே தெரியலையாங்க்கா?”

“தெரியல.”

“அப்ப நீங்க எப்படிப் பாப்பீங்கன்னாச்சும் எழுதிக் குடுங்க. புதுசா வர்றவங்க படிக்கட்டும்.”

அதற்காகத்தான் உட்கார்ந்தேன். ஆனால் எழுத எழுத, எப்படிப் பார்ப்பது என்பதைவிட ஒரு மழை வாரத்தில் நடந்ததே திரும்பத் திரும்ப முன்னால் வந்து நிற்கிறது. அது எனக்கு இன்னும் தெளியவில்லை. தெளியாததை எழுதலாமா என்றும் தெரியவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

நான் முதலில் பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தேன். டியூப் லைட்டுக்குக் கீழே மேசை. தைத்து வருகிற துணியை விரித்துப் பார்க்க வேண்டும். எண்ணெய்க் கறை, ஊசிக்கோடு, ஓட்டை, எது இருந்தாலும் பக்கத்தில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கிப் போட வேண்டும். ஏன் வந்தது என்று நாங்கள் கேட்பதில்லை. இருக்கிறதா, இல்லையா, அவ்வளவுதான். என் கண்ணுக்குத் தப்பாது என்று கம்பெனியில் பெயர் இருந்தது.

எங்கள் முதலாளி, பனியன் வாங்கும் வெளிநாட்டு பையர்களைப் பார்க்கப் போன இடத்தில், உள்ளங்கை அகலத் தொட்டியில் கள்ளிச் செடி விற்பதைப் பார்த்துவிட்டு வந்தார். கிணறு வற்றிப் போன தன் காட்டில் ஒரு பசுமைக்குடில் போட்டார். ஆசைக்குப் போட்டது மூன்று குடிலாக வளர்ந்தது. பச்சைத் தண்டின் மேல் சிவப்பும் மஞ்சளுமாக உருண்டை ஒட்டிய கள்ளி, பந்து மாதிரிக் கள்ளி, அப்புறம் இலைக்கள்ளி. இலைக்கள்ளியில் இலை கிடையாது, தண்டுதான் இலை மாதிரித் தட்டையாக இருக்கும். எங்கள் ஆட்கள் அதை இலை என்றே சொல்வார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

ஒருநாள் முதலாளி செக்கிங் மேசைக்கு வந்தார். “ஏனுங்க ஸ்டெல்லா, துணியில இருக்கற புள்ளி தெரியுதில்லைங்க, செடியில இருக்கற புள்ளி தெரியாதுங்களா?” என்றார். அவர் எதையும் கட்டளையாகச் சொல்ல மாட்டார், கேள்வியாகத்தான் கேட்பார். நான் அடுத்த திங்கட்கிழமை பண்ணைக்குப் போனேன்.

போகும்போது அம்பு ஸ்டிக்கர் ரோல் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். சாயங்காலத்துக்குள் முதல் குடில் முழுக்கச் சிவப்பு அம்பாக இருந்தது. வசுமதி மேடம் உள்ளே வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். பண்ணையைப் பார்த்துக்கொண்டிருந்த அவர் செடி நோய் பற்றிப் படித்தவர், திருநெல்வேலிப் பக்கம். என்னைவிடப் பத்து வயதுக்கு மேல் சின்னவர். வாய்விட்டுச் சிரித்தார்.

“இத்தனையையும் தூக்கிப் போட்டுரலாமாக்கா?”

“டேமேஜுங்களே மேடம்.”

“இதுல பாதி பொறந்ததுல இருந்தே இருக்க மச்சம். நீங்க பாத்தது சரி. ஒதுக்குனதுதான் தப்பு.”

அவருடைய முறை விசித்திரமாக இருக்கும். ஒரு நீள நோட்டில் நடுவில் கோடு போட்டுக் கொடுத்தார். இடது பக்கம் ‘பார்த்தது’, வலது பக்கம் ‘நினைப்பது’. முதல் மூன்று நாள் வலது பக்கத்தில் எழுதக் கூடாது. இடது பக்கத்தில் நோயின் பெயர் வந்துவிட்டால் அடித்துவிடுவார். “கருப்புப் புள்ளி, கடுகு அளவு, சுத்தி மஞ்சள் வளையம், மேற்குப் பார்த்த பக்கம் மட்டும்னு எழுதுங்க. பூஞ்சைன்னு எழுதாதீங்க. பூஞ்சையை நீங்க பாக்கலைல்லா.”

புள்ளி ஒன்று கண்ணில் பட்டால் செய்ய வேண்டியது இது. முதலில் தள்ளி நின்று பெஞ்சு முழுவதையும் பார்க்க வேண்டும். ஒரு செடியிலா, ஒரு வரிசையிலா, அங்கொன்றும் இங்கொன்றுமா. எல்லாம் ஒரே பக்கம் என்றால் வெயிலையோ காற்றையோ தெளிப்பானையோ சந்தேகப்படலாம். பிறகு நகத்தால் சுரண்ட வேண்டும். பொட்டு மாதிரிக் கழன்று வந்தால் அது புள்ளி இல்லை, செதில் பூச்சி. கழன்று வரவில்லை என்றால் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். மேடா, பள்ளமா, ஈரமா, தக்கை மாதிரி வறண்டதா. அமுக்கினால் கொழகொழவென்று போய் நாற்றம் வந்தால் அந்தச் செடியை அப்போதே வெளியே கொண்டுபோக வேண்டும், மூன்று நாள் எல்லாம் அதற்குக் கிடையாது. வெள்ளைக் காகிதத்தின் மேல் செடியைத் தட்டி, விழுகிற தூசி நடக்கிறதா என்று லென்ஸில் பார்க்க வேண்டும். நடந்தால் சிலந்திப்பேன். கடைசியாக, பால்பாயின்ட் பேனாவால் புள்ளியைச் சுற்றி வட்டம் போட்டுப் பக்கத்தில் தேதி எழுத வேண்டும். மூன்று நாள் கழித்துப் புள்ளி வட்டத்தைத் தாண்டியிருந்தால் அது பரவுகிற சங்கதி. தாண்டவில்லை என்றால் அது பழைய காயமாக இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் மேடம் சொல்வார். அந்தச் சொல்லைப் பழகுவதற்கே எனக்கு ஒரு வருடம் ஆயிற்று. செக்கிங் மேசையில் இருக்கலாம் என்று சொன்னால் வேலை போய்விடும்.

ஒருமுறை பந்துக் கள்ளிகளில் அடிப்பக்கம் துருப்பிடித்த மாதிரி ஆகிவிட்டது. மேடம் பார்த்த உடனே, நிழல் வலையை மாற்றிக் கட்டியதால் வந்த வெயில் காயம் என்றார். அன்றைக்கு அவருக்கு ஏதோ அவசரம். நான் காகிதத்தில் தட்டினேன், தூசி நடந்தது. சொல்வதா வேண்டாமா என்று தயங்கிவிட்டு, காகிதத்தை அவர் முன்னால் நீட்டினேன். லென்ஸில் பார்த்தார். நோட்டை வாங்கி, வலது பக்கத்தில் ‘வெயில் என்று வசுமதி சொன்னது தப்பு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எனக்குத்தான் கூச்சமாக இருந்தது. என் வேலை வாழ்க்கையில் மேலே இருக்கிற ஒருவர் அப்படி எழுதி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

இனி அந்த மழை வாரத்துக்கு வருகிறேன். நான் ஓய்வு பெறுவதற்கு நாலைந்து வருடம் முன்பு நடந்தது.

ஐப்பசி அடைமழை. வெயிலே இல்லை. மழைக்காலத்தில் எங்கள் பண்ணையில் தண்ணீர் ஊற்றுவது மிகவும் குறைவு. ஊற்றினாலும் காலையில் மட்டும், வெயில் அடிக்கிற நாளாகப் பார்த்து. மேடம் அந்த வாரம் ஊட்டிப் பக்கம் ஒரு நர்சரியைப் பார்க்கப் போயிருந்தார். பொறுப்பு என்னுடையது.

புதன்கிழமை காலை, என் அக்கா வீட்டுக்காரர் தவறிவிட்டார் என்று போன் வந்தது. மாரடைப்பு. அப்படியே பையை எடுத்துக்கொண்டு ஓடினேன். கேட் பக்கத்தில் சுக்லால் நின்றார். சுக்லால் ஜார்க்கண்ட்காரர், முப்பத்தைந்து வயது இருக்கும், இரண்டாவது குடிலுக்குத் தண்ணீர் பார்ப்பவர். மனைவி, மகளோடு வேலம்பாளையத்தில் லைன் வீட்டில் இருந்தார். அதிகம் பேச மாட்டார், தலையாட்டுவார். பண்ணையில் மற்றவர்கள் அவரிடம் கையைக் காட்டித்தான் பேசுவார்கள். நான் மட்டும் இந்தியில் பேசுவேன். பனியன் கம்பெனியில் வடக்கத்தி ஆட்களோடு இருந்து பழகிய இந்தி. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அன்றைக்கு அவரிடம் தண்ணீர் பற்றி ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்பதுதான் பிறகு பெரிய கேள்வியாக ஆனது.

துக்கம் முடிந்து வெள்ளிக்கிழமை வேலைக்குத் திரும்பினேன். இரண்டாவது குடிலில் நுழைந்ததும் இலைக்கள்ளிகள் ஏதோ மாதிரி இருப்பது தெரிந்தது. கிட்டப் போய் ஓர் இலையைத் திருப்பினேன். அடிப்பக்கம் முழுக்கக் கொப்புளம். சுடுதண்ணீர் பட்ட தோல் மாதிரி, சின்னச் சின்னதாக, நீர் கோத்து மினுமினுவென்று இருந்தது. சில இலைகளில் கொப்புளம் உடைந்து பழுப்புத் திட்டாகியிருந்தது. அந்தத் திட்டுகளுக்கு நடுவே கருப்புப் புள்ளியும் இருந்தது.

தள்ளி நின்று பார்த்தேன். ஒரு வரிசை இல்லை, ஒரு பக்கம் இல்லை. குடில் முழுக்க இருந்தது. சுரண்டினேன், கழன்று வரவில்லை. தட்டினேன், எதுவும் நடக்கவில்லை. முகர்ந்தேன், நாற்றம் இல்லை. முப்பது இலைகளில் வட்டம் போட்டுத் தேதி எழுதினேன்.  

முதலாளி வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து பார்த்தார். தொடவில்லை.

“ஏனுங்க ஸ்டெல்லா, இது நோவுங்களா?”

“தெரியலீங்க.”

“பக்கத்துக் குடிலுக்குப் பரவிப்போட்டா என்னங்க பண்றது? அங்கதான் தாய்ச்செடி எல்லாம் இருக்குதுங்க. இதைக் குழி தோண்டிப் பொதைச்சுப் போடலாமுங்களா?”

தாய்ச்செடியிலிருந்து துண்டு துண்டாக வெட்டி அந்தச் செடிகளை நட்டு வளர்த்தது நான். செக்கிங் மேசைப் பழக்கம் ஒதுக்கு, ஒதுக்கு என்றது. ஒதுக்கினால் போனது போனதுதான். ஒதுக்காமல் விட்டு, தாய்ச்செடிகளும் போய்விட்டால்?

“மூணு நாள் குடுங்க. மேடம் வந்தர்றாங்க” என்றேன்.

மேடம் மறுநாளே வந்துவிட்டார். நான் எழுதியிருந்த இடது பக்கத்தை இரண்டு தடவை படித்தார். பிறகு இலைகளை வெட்டி மூன்று டிபன் டப்பாக்களில் ஈரக் காகிதம் விரித்து வைத்து மூடினார். பூஞ்சை இருந்தால் ஈரத்தில் முளைத்துவிடும். மூன்று நாள் கழித்துத் திறந்தோம். இரண்டு டப்பா சுத்தமாக இருந்தது. ஒன்றில் கருப்பாகப் பஞ்சு படர்ந்திருந்தது. பேனா வட்டங்களைப் பார்த்தோம். ஒரு புள்ளியும் வட்டத்தைத் தாண்டவில்லை. ஆனால் வட்டத்துக்கு வெளியே புதிதாக நாலைந்து கொப்புளங்கள் வந்திருந்தன.

“பரவுதா, பரவலையாங்க மேடம்?”

அவர் நெற்றியைத் தேய்த்தார். “பரவுனா மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு. அந்தப் பஞ்சு, செத்த எடத்துல பின்னாடி வந்து ஒட்டுனதாகூட இருக்கலாம்.” பிறகு கேட்டார். “தண்ணி எப்ப ஊத்துனாங்க?”

“மழை வாரம் மேடம். ஊத்தவே இல்லை.”

மேடம் ஒரு தொட்டியைத் தூக்கிப் பார்த்தார். என் கையில் கொடுத்தார். கனமாக இருந்தது. ஊற்றாத தொட்டி அந்தக் கனம் இருக்காது.

அப்போது மேடம் ஒன்று சொன்னார். வேருக்கு நிறையத் தண்ணீர் கிடைத்து, காற்றும் ஈரமாக இருந்து, வெயிலும் இல்லாவிட்டால், செடி குடித்த தண்ணீரை வெளியே விட வழியில்லாமல் போகும். உள்ளே வீங்கிக் கொப்புளிக்கும். கொப்புளம் உடைந்து தக்கையாக ஆறும். அது நோயே இல்லை, யாரிடமிருந்தும் யாருக்கும் ஒட்டாது. சாயங்காலம் ஊற்றிவிட்டு இரவெல்லாம் குடிலை மூடி வைத்தால் அப்படி வரும். “வரலாம்” என்று திருத்திக்கொண்டார்.

முதலாளிக்கு அந்த ‘லாம்’ காதில் விழவில்லை. அவருக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. சுக்லாலைக் கூப்பிடச் சொன்னார். பாக்கிங் மேசைக்குப் பக்கத்தில் நின்று கேட்டார். “மழை வாரத்துல எதுக்குங்க தண்ணி ஊத்துனீங்க? யாரு ஊத்தச் சொன்னா?” பிறகு என்னைப் பார்த்து, “நீங்க இந்தியில கேளுங்க” என்றார்.

நான் கேட்டேன். சுக்லால் என்னைப் பார்த்தார். நேராக, ரொம்ப நேரம் பார்த்த மாதிரி எனக்குத் தோன்றியது. ஒரு நிமிஷம்கூட இருந்திருக்காது.

“கோயி நஹி” என்றார்.

“யாரும் சொல்லலையாமுங்க” என்று முதலாளியிடம் சொன்னேன்.

முதலாளி குரலை உயர்த்தவே இல்லை. “சரிங்க, நாளைக்கு இருந்து வர வேண்டாமுங்க” என்றார். அதையும் நான்தான் இந்தியில் சொன்னேன். சுக்லால் வழக்கம்போலத் தலையாட்டினார். இடுப்பில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகம் துடைத்துவிட்டுப் போனார். மேடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். என்னைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அல்லது நான் அப்படி நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் சோறு வடிக்கும்போதுதான் எனக்கு அந்தச் சொல் நினைவுக்கு வந்தது. கேட் பக்கத்தில் நான் அவரிடம் சொன்னது, “அபி பானி நஹி.” இப்போதைக்குத் தண்ணீர் வேண்டாம், இந்த மழை முடிகிற வரை வேண்டாம் என்கிற அர்த்தத்தில் சொன்னேன். ஆனால் ‘அபி’ என்றால் இப்போது, இந்த நேரம். ‘இப்போ ஊத்த வேண்டாம்’ என்றுதானே அது கேட்கும். இப்போ வேண்டாம் என்றால் அப்புறம் ஊற்று என்றுதானே ஆகிறது. அவர் காலையில் ஊற்றாமல் இருந்து, சாயங்காலம் ஊற்றியிருக்கிறார்.

அப்படித்தான் சொன்னேனா என்பதும் உறுதியில்லை. வெறும் “பானி நஹி” என்று சொல்லியிருந்தால் தப்பு அவருடையது. அழுதுகொண்டே ஓடினவள் எந்தச் சொல்லைப் போட்டாள், எதை விட்டாள் என்று யாரால் சொல்ல முடியும்? ‘யாரும் சொல்லவில்லை’ என்று அவர் சொன்னது உண்மைதானா, இல்லை எனக்காகச் சொன்னதா? அதை மொழிபெயர்த்தபோது என் நெஞ்சில் ஒரு நிம்மதி வந்ததே, அது எதற்கு வந்தது? எனக்கு முன்பே தெரிந்திருந்ததா?

மறுநாள் முதலாளியிடம் சொல்ல வேண்டும் என்று போனேன். கோயம்புத்தூர் போய்விட்டார் என்றார்கள். அடுத்த நாள் அவர் இருந்தார், நான் சொல்லவில்லை. அப்படியே ஒரு வாரம் போயிற்று.

எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, மூன்றாவது குடிலில் தாய்ச்செடிகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அங்கேயும் அடி இலைகளில் அதே கொப்புளம் இருந்தது. ஓடிப் போய்த் தொட்டிகளைத் தூக்கிப் பார்த்தேன். காய்ந்து இறகு மாதிரி லேசாக இருந்தன. அந்தக் குடிலின் சாவி என்னிடம்தான் இருந்தது. சுக்லால் அதற்குள் காலடி வைத்ததே இல்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் யாரும் ஊற்றவில்லை.

மேடத்தைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினேன். அவரும் ஒரு தொட்டியைத் தூக்கிப் பார்த்தார்.

“அப்ப தண்ணி இல்லையாங்க மேடம்?”

“தண்ணி இல்லாம, வெறும் காத்து ஈரத்துலயே வந்திருக்கலாம். நான் ஊட்டி போறதுக்கு முன்னாடி ரெண்டு குடில்லயும் வேப்பெண்ணெய் தெளிச்சோம்லா, அதுல ஏதும் ஏறுக்குமாறா ஆகியிருக்கலாம். அங்க தண்ணியால, இங்க எண்ணெயாலன்னும் இருக்கலாம்.” நோட்டின் வலது பக்கத்தைத் திறந்தார். பேனாவை வைத்தார், எடுத்தார். ஒன்றும் எழுதாமல் மூடினார். “எனக்குத் தெரியலைக்கா.”

தான் படித்த கல்லூரியில் ஒருவருக்கு இலைகளை அனுப்பியும் கேட்டார். அங்கிருந்தும் திட்டமாக ஒரு பதில் வரவில்லை.

அன்றைக்கு முதலாளியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மூன்றாவது குடிலைச் சொன்னேன். ‘அபி’யைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

“அப்ப தப்பு யாரு மேலைங்க?”

“தெரியலீங்க. ஆனா அவரு மேல மட்டும்னு சொல்ல முடியாதுங்க.”

“இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமுங்களே.”

“ஆமாங்க.”

வேறொன்றும் அவர் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “எங்க இருக்கறாருன்னு பாத்து வரச் சொல்லுங்க” என்றார்.

லைன் வீட்டில் சுக்லாலின் மனைவி இருந்தார். கணவர் முதலிபாளையம் சிட்கோ தொழிற்பேட்டையில், துணி பின்னால் சுருங்காதபடி அழுத்திக் கொடுக்கும் ஒரு காம்பாக்டிங் யூனிட்டில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார். மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். பஸ்ஸில் போகும்போது இந்தியில் என்ன சொல்வது என்று வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். மாஃப் கரோ, மன்னித்துக்கொள். அதற்கு மேல் எனக்கு வார்த்தை போதவில்லை.

கேட்டில் சொல்லியனுப்பினேன். வெளியே வந்தார். தலையெல்லாம் பஞ்சுத் தூசி. என்னைப் பார்த்ததும் பயந்துவிட்டார் என்று நினைக்கிறேன். எதிரே இருந்த டீக்கடைக்குப் போனோம். நான் எழுதி வைத்து ஒப்பிக்கிற மாதிரி என் இந்தியை ஆரம்பித்தேன். இரண்டு வாக்கியம் வரை கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“தமிழ்ல சொல்லுங்க அக்கா. எனக்குத் தமிழ் தெரியும்.”

 கொஞ்சம் கொச்சையாக இருந்தாலும் நல்ல தமிழ்.

“எப்ப இருந்து?”

“ஏழு வருஷம் ஆச்சு அக்கா திருப்பூர் வந்து. மகளு இங்க இஸ்கூல் போறா. ஊட்டுல தமிழ்தான் பேசுவா.”

“பண்ணையில ஒரு நாள்கூடப் பேசலையே?”

“யாரும் எங்கிட்ட தமிழ்ல பேசலையே அக்கா. நீங்க இந்தி பேசுவீங்க. சந்தோசமா பேசுவீங்க. நானும் சரின்னு விட்டுட்டேன்.”

அப்படியானால் பாக்கிங் மேசைக்குப் பக்கத்தில் முதலாளி தமிழில் கேட்டதும் அவருக்குப் புரிந்திருக்கிறது. நான் மொழிபெயர்த்ததும் புரிந்திருக்கிறது. இருந்தாலும் அதைக் கேட்டேன்.

“அன்னைக்கு கேட்ல நான் என்ன சொன்னேன், சுக்லால்?”

“அபி பானி நஹின்னு சொன்னீங்க. இப்ப வேண்டாம்னா அப்பறம் ஊத்தணும்னு நினைச்சேன். சாயங்காலம் ஊத்துனேன். தமிழ்ல சொல்லியிருந்தா புரிஞ்சிருக்கும் அக்கா.”

“அதை ஏன் முதலாளிகிட்டச் சொல்லல?”

“நீங்க அன்னைக்கு அழுதுட்டே போனீங்க. சாவு ஊட்டுக்குப் போனவங்க பேரை எதுக்கு இழுக்கறதுன்னு விட்டேன்.” டீயை ஒரு வாய் குடித்தார். “நீங்களே சொல்லுவீங்கன்னும் நினைச்சேன்.”

பிறகு அவரே கேட்டார். “செடி செத்துப் போச்சா அக்கா?”

“சாகல. கொப்புளம் எல்லாம் காஞ்சு தழும்பாயிருச்சு. புது இலை சுத்தமா வருது. மூணாவது குடில்லயும் அதே மாதிரி வந்துச்சு. அங்க யாரும் தண்ணியே ஊத்தல.”

 “அங்க நான் போகவே இல்லையே அக்கா. அப்ப எதுக்கு என்னைப் போகச் சொன்னாங்க?”

“நான் வாயைத் தொறக்கல. அதனால.”

அவர் கோபப்படவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. முதலாளி திரும்ப வரச் சொன்னதைச் சொன்னேன். வரவில்லை என்றார். இங்கே மெஷினில் நம்பர் வரும், அந்த நம்பரைப் பார்த்து ஓட்டினால் போதும், யாரும் எதுவும் வந்து சொல்ல வேண்டியதில்லை, இது அவருக்குப் பிடித்திருக்கிறது என்றார். நான் இன்னும் ஏதாவது சொல்ல வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தேன். அவர் எழுந்து, கிளாஸை டீக்கடைக்காரரிடம் கொடுத்தார்.

“நேரமாச்சுங்க அக்கா. நான் வரேனுங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

‘வரேனுங்க’ என்று முதலாளி மாதிரி ஒட்டிய அந்த ‘ங்க’ அதுவரை அவர் பேச்சில் இல்லை. யாரோ தெரியாதவர்களிடம் பேசும்போது வைத்துக்கொள்வதற்காக அதைக் கற்று வைத்திருந்தாரா, இல்லை கடைசியாக ஒரு மரியாதைக்குச் சொன்னாரா என்று பஸ்ஸுக்கு நிற்கும்போது யோசித்தேன். பஸ் வந்தது, ஏறினேன். இன்றுவரை எனக்கு அது தெரியவில்லை.